கழுத்தால் மூச்சு விடுபவருக்கு ஈரக்காற்று: வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

எனது வாப்பாவுக்கு ட்ரக்கியோஸ்டமி செய்து மூன்று வருடங்களாகின்றன. குரல்வளையில் வளர்ந்த கட்டி மூச்சை அடைக்கத் தொடங்கியதால், வைத்தியர்கள் கழுத்தின் முன்பக்கத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை வைத்தார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து கட்டி அடங்கிவிட்டது. ஆனால் குழாயை எடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. இன்றும் அவர் கழுத்தால்தான் மூச்சு விடுகிறார்.

வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது எங்களுக்குப் பல விடயங்களைச் சொல்லித் தந்தார்கள். சக்ஷன் மெஷினால் சளியை எப்படி உறிஞ்சுவது, உட்குழாயை எப்படிக் கழற்றிக் கழுவுவது, கழுத்து நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பவற்றை உம்மாவும் நானும் அங்கேயே செய்து பழகினோம். காற்றை ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று தந்த துண்டில் ஒரு வரி எழுதியிருந்தது. அந்த வரியை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

இன்று வேறு ஊர்களிலிருந்தும் சிலர் எனக்கு அழைப்பெடுக்கிறார்கள். அவர்களது வீட்டிலும் ஒருவர் குழாயோடு வந்திருப்பார். முதலில் கேட்கும் கேள்வி, "என்ன மெஷின் வாங்கணும்?" என்பதுதான். நான் வைத்தியன் அல்ல. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். தெரியாமல் பணத்தையும் செலவழித்து, வாப்பாவையும் ஒரு இரவு இழக்கப் பார்த்தவன் என்ற முறையில் நான் கற்றுக்கொண்டதை இங்கு எழுதுகிறேன். உங்கள் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடமும் வார்ட் தாதியிடமும் கேட்டே முடிவெடுங்கள். சரியான கேள்விகளோடு அவர்களிடம் போவதற்கு இக்கட்டுரை உதவினால் போதும்.

அந்த இரவு நடந்தது

எங்கள் ஊர் கிழக்கில், வயல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாப்பா வீட்டுக்கு வந்து இரண்டாவது மாதம் ஜூலை பிறந்தது. கச்சான் காற்று வீசும் காலம். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சூடாகவும் வறட்சியாகவும் இறங்கி வரும். கொடியில் போட்ட சாறன் அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். சிறுபோக அறுவடைத் தூசும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அதற்குள் நாங்கள் இரண்டு பொருட்களை வாங்கியிருந்தோம். ஒன்று, நீல வெளிச்சத்தோடு புகைபோல நீராவி விடும் ஒரு அறை ஹியுமிடிஃபையர். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். சில நாட்களில் மேசையிலும் தலையணையிலும் வெள்ளைத் தூசு படிந்தது. மற்றையது, கட்டாரில் இருக்கும் மச்சான் அனுப்பிய செயற்கை மூக்குப் பெட்டி. உள்ளே ஐம்பது இருந்தன. ஒன்றுகூட வாப்பாவின் குழாயில் மாட்டவில்லை. அவருக்கு அப்போது வைத்திருந்தது உலோகக் குழாய் என்பதும், அதற்கு இந்த வகை மாட்டாது என்பதும் எங்களுக்குத் தெரியாது.

இரவு இரண்டு மணியளவில் உம்மா என்னை எழுப்பினார். வாப்பாவின் கழுத்திலிருந்து விசில்போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே போனது. சக்ஷன் குழாயை விட்டேன். பாதியில் நின்றது, உள்ளே போகவில்லை. நான் கை நடுங்கி நின்றபோது உம்மாதான், "மகன், உள்குழாயக் கழட்டுங்க, நேர்ஸ் காட்டித் தந்தாவே" என்றார். திருப்பி இழுத்தேன். நுனியில் காய்ந்த பிசின்போல ஒரு சளிக்கட்டி ஒட்டியிருந்தது. வாப்பாவுக்கு உடனே மூச்சு வந்தது.

மறுநாள் கிளினிக்கில் அந்தத் தாதி எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "குழாய்க்கு மேல என்ன போட்டு வெச்சிருக்கீங்க?" ஒன்றுமே போடவில்லை. பணம் கொடுத்து வாங்கிய மெஷின் அறைக்கு ஈரம் கொடுத்துக்கொண்டிருந்தது. வாப்பாவின் குழாய்க்கு மேலே ஒரு துணிகூட இருக்கவில்லை.

மூக்கு என்ன செய்கிறது?

நாம் மூக்கால் இழுக்கும் காற்று நுரையீரலை அடைவதற்குள் உடலின் வெப்பமான 37 பாகை செல்சியஸுக்குச் சூடாகி, ஈரத்தால் நிறைந்துவிடுகிறது. அந்த நிலையில் ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 44 மில்லிகிராம் நீர் இருக்கும். தூசியை வடிகட்டுவதும் மூக்கின் வேலைதான். கழுத்தில் குழாய் வைத்தவருக்கு இந்த வழி முழுவதும் தவிர்க்கப்படுகிறது. வெளிக்காற்று நேரே மூச்சுக்குழாய்க்குள் போகிறது.

"நம்ம நாட்டில வேர்த்து ஒழுகுதே, காத்தில ஈரம் இல்லையா?" என்று பலர் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 30 பாகை வெப்பமுள்ள காற்று முழுக்க ஈரத்தால் நிறைந்திருந்தாலும் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் நீரைத்தான் தாங்கும். பாதியளவு ஈரம் என்றால் 15 மில்லிகிராம். ஏ.சி. போட்டு 24 பாகையில் வைத்த அறையில், பாதியளவு ஈரத்தில், 11 மில்லிகிராம் மட்டுமே. 44க்கு வேண்டிய மிச்ச நீரை மூச்சுக்குழாயின் உட்சுவரும் அங்குள்ள சளியும்தான் கொடுக்க வேண்டும்.

சளி நீரை இழந்தால் தடிக்கிறது. அதை மேலே தள்ளிக்கொண்டுவரும் நுண்ணிய மயிர்களின் அசைவு குறைகிறது. சளி குழாயின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்து, படிப்படியாக வழியைக் குறுக்குகிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஆகவே ஈரம் கொடுப்பது நோயாளியின் வசதிக்காகச் செய்யும் ஒரு மேலதிக வேலை என்று நினைக்க வேண்டாம். குழாய் அடைபடாமல் காப்பதற்கு சக்ஷன் எவ்வளவு முக்கியமோ, இதுவும் அவ்வளவு முக்கியம்.

கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகள்

முதலாவது, கழுத்தில் இருப்பது என்ன குழாய்? பிளாஸ்டிக் குழாய்களின் வெளிமுனையில் பொதுவாக 15 மில்லிமீற்றர் அளவான ஒரு வட்டமான இணைப்பு வாய் இருக்கும். செயற்கை மூக்குகள் பெரும்பாலும் இந்த அளவுக்கே செய்யப்படுகின்றன. பழைய வகை உலோகக் குழாய்களில் அந்த வாய் இருப்பதில்லை. சில பிளாஸ்டிக் குழாய்களில் அந்த வாய் உட்குழாயில்தான் இருக்கும். உட்குழாயைக் கழற்றினால் மாட்டுவதற்கு இடமிருக்காது. குழாயின் கழுத்துப் பட்டையில் அதன் வகையும் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குரல்வளையை முழுவதுமாக அகற்றியவர்களுக்கு இருப்பது வேறு வகைத் துளை. அவர்களுக்கான பொருட்களும் வேறு. கடையில் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சளி எப்படி இருக்கிறது? நீர்போல இலகுவாக வருகிறதா, நூல்போல இழுபடுகிறதா, கட்டியாக வருகிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை சக்ஷன் செய்ய வேண்டியிருக்கிறது? ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வைத்தியருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை.

மூன்றாவது, அவர் எந்தக் காற்றில் இருக்கிறார், எவ்வளவு நடமாடுகிறார்? வாப்பாவைப் போல முற்றத்தில் உலாவி, பள்ளிவாசலுக்குப் போய் வருபவருக்கு ஒரு பொருள் பொருந்தும். வெண்டிலேட்டரிலோ கட்டிலிலோ இருப்பவருக்கு வேறொன்று வேண்டும். சிறு பிள்ளைக்குப் பெரியவரின் பொருளை மாட்டவே கூடாது.

கழுத்துத் துணி

ஆகக் குறைந்த செலவில் கிடைப்பதும், ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதும் இதுதான். துளைக்கு முன்னால் தொங்கும் பஞ்சுத்தாள் அல்லது துணி. மென்மையான ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்த ஆயத்த வகைகளும் உண்டு. வெளிவிடும் மூச்சின் ஈரம் அதில் தங்கி, உள்ளிழுக்கும்போது ஒரு பகுதி திரும்பிப் போகிறது. தூசியும் பூச்சிகளும் உள்ளே போவதும் குறைகிறது. உலோகக் குழாய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

உம்மா மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து, ஓரம் அடித்துப் பத்துப் பன்னிரண்டு தைத்து வைத்திருக்கிறார். கவனிக்க வேண்டியவை சில. நூல் பிரியும் துணியும், வெட்டிய ஓரமுள்ள கோஸும், பஞ்சும் கூடாது; நூலும் பஞ்சும் மூச்சோடு உள்ளே போய்விடும். துணிக்கூடாக இலகுவாக மூச்சு வர வேண்டும். உங்கள் வாயில் வைத்து மூச்சு விட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் படலமோ, தண்ணீர் புகாத துணியோ ஒருபோதும் கூடாது. அழுக்கானால், சளி பட்டால், உடனே மாற்ற வேண்டும். வாசனையுள்ள சலவைத் தூளைத் தவிர்த்து, நன்றாக அலசி வெயிலில் காயப்போடுங்கள்.

செயற்கை மூக்கு

வைத்தியசாலைகளில் இதை எச்.எம்.ஈ. என்பார்கள். சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கடதாசி அல்லது ஸ்பொஞ்ச் இருக்கும். மூச்சை வெளிவிடும்போது வெப்பமும் ஈரமும் அதில் தங்குகின்றன. உள்ளிழுக்கும்போது அவை திரும்பிப் போகின்றன. மின்சாரம் தேவையில்லை, தண்ணீர் தேவையில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். நடமாடும் நோயாளிக்குப் பகல் நேரத்தில் இதைவிட வசதியானது இல்லை. வாப்பாவுக்குப் பிறகு பிளாஸ்டிக் குழாய் மாற்றியபோது, மச்சான் அனுப்பிய பெட்டிக்கும் ஒரு பயன் கிடைத்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

இணைப்பு வாய் 15 மில்லிமீற்றரா என்று பாருங்கள். ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்த பின்னரே பெட்டியாக வாங்குங்கள்.

பொதியில் ஈரத்தின் அளவு மில்லிகிராம் கணக்கில் எழுதியிருக்கும். ஒரு லீற்றருக்கு இவ்வளவு என்று இருக்கும். அதோடு எந்த மூச்சளவில் அது கிடைக்கும் என்பதும் இருக்கும். இரண்டு வகைகளை ஒப்பிடும்போது ஒரே மூச்சளவில் ஒப்பிடுங்கள். வெண்டிலேட்டரில் உள்ளவர்களுக்கு ஒரு லீற்றருக்குக் குறைந்தது 30 மில்லிகிராம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

ஒட்சிசன் தேவைப்படுபவருக்கு, ஒட்சிசன் குழாய் மாட்டும் சிறு வாய் உள்ள வகை வேண்டும்.

பிள்ளைகளுக்கும் சிறிய மூச்சளவு உள்ளவர்களுக்கும் தனியான சிறிய வகை உண்டு. பெரியவர்களுடையதை மாட்டினால், வெளிவிட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும் நிலை வரும்.

செலவைக் கணக்கிடும்போது ஒன்றின் விலையைப் பார்க்க வேண்டாம். பொதுவாக 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். சளி பட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஆகவே மாதம் 30 என்பது குறைந்த கணக்கு. சளி அதிகமுள்ளவருக்கு அதைவிடக் கூடும். கழுவிப் பாவிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. ஈரத்தைப் பிடிக்கும் பொருள் கழுவுப்பட்டுப் போகும், நனைந்தால் மூச்சும் தடைப்படும்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. சளி மிகவும் அதிகமாக, மிகவும் தடிப்பாக அல்லது இரத்தம் கலந்து வரும்போது இது அடைபட்டுவிடும். பேசுவதற்கான வால்வு மாட்டியிருக்கும் நேரத்தில் இதனால் பயனில்லை. ஏனெனில் அப்போது வெளிவிடும் மூச்சு வாயாலும் மூக்காலும் போய்விடுகிறது, திரும்பக் கொடுப்பதற்கு ஈரம் சேர்வதில்லை. நெபுலைசர் பிடிக்கும்போதும், சூடாக்கும் ஹியுமிடிஃபையர் பாவிக்கும்போதும் இதைக் கட்டாயம் கழற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாவித்தால் செயற்கை மூக்கு தண்ணீரில் ஊறி மூச்சை அடைக்கும்.

நெபுலைசரும் சேலைனும்

சளி தடித்தவருக்கு வைத்தியர்கள் 0.9 வீத சேலைனை நெபுலைசர் மூலம் கொடுக்கச் சொல்வதுண்டு. எத்தனை மில்லிலீற்றர், நாளைக்கு எத்தனை தடவை என்பதை அவர்களே சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ள வீடுகளில் இருக்கும் அதே கொம்பிரசர் நெபுலைசர்தான் இதற்கும். ஆனால் முகத்தில் வைக்கும் மாஸ்க் இதற்கு உதவாது. கழுத்தில் வைக்கும் ட்ரக்கியோஸ்டமி மாஸ்க்கைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நெபுலைசரை வாங்கும் கடையில் இந்த மாஸ்க்கும், மாற்றுக் குழாய்களும், மருந்துக் கிண்ணமும் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத மெஷின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நெபுலைசர் பிடித்து முடிந்ததும் சளி இளகி மேலே வரும். இருமுவதற்கோ சக்ஷன் செய்வதற்கோ ஆயத்தமாக இருந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். நாங்கள் வாப்பாவுக்குக் காலையில் எழுந்ததும், இரவு படுக்க முன்னரும் பிடிக்கிறோம்.

சேலைனில் நடக்கும் பெரிய தவறு, 500 மில்லிலீற்றர் போத்தலைத் திறந்து ஒரு வாரம் பாவிப்பது. திறந்த போத்தலில் கிருமி வளரும். 24 மணித்தியாலத்துக்குள் முடியாததை ஊற்றிவிட வேண்டும். ஒரு தடவைக்கு மட்டும் பாவிக்கும் சிறிய அம்பியூல் கிடைத்தால் அதுவே நல்லது. பார்த்தால் விலை கூட, ஆனால் பெரிய போத்தலில் பாதிக்கு மேல் ஊற்றுவதையும் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் அவ்வளவு இருக்காது. வீட்டில் உப்பைக் கரைத்துச் சேலைன் செய்ய வேண்டாம்.

அறை ஹியுமிடிஃபையர், சூடாக்கும் மெஷின், குமிழிப் போத்தல்

இந்த மூன்றையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

அறை ஹியுமிடிஃபையர் அறையின் காற்றை ஓரளவு ஈரமாக்கும். கழுத்துத் துணிக்கோ செயற்கை மூக்குக்கோ பதிலாக அது நிற்காது. கதவு யன்னல் திறந்திருக்கும் எங்கள் வீடுகளில் கொடுக்கும் ஈரம் கச்சானோடு போய்விடும். குளிர்ப் புகை விடும் அல்ட்ராசொனிக் வகையில் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றினால், தண்ணீரிலுள்ள உப்புக்களும் கிருமிகளும் சேர்ந்தே காற்றில் கலக்கும். எங்கள் மேசையில் படிந்த வெள்ளைத் தூசு அதுதான். அதை வாப்பாவும் நேரே நுரையீரலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

சூடாக்கும் ஹியுமிடிஃபையர் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக நேரே நோயாளிக்கு ஈரக்காற்றைக் கொடுக்கும். வெண்டிலேட்டரில் உள்ளவர்களுக்கும், சளி மிகவும் தடித்தவர்களுக்கும் ஆக நல்லது இதுதான். விலையும் கூட. மருந்துவத் தரமான நீர் வேண்டும். மெஷினை நோயாளியின் மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும்; குழாயில் தேங்கும் தண்ணீர் அவர் பக்கம் ஓடிவிடக் கூடாது. வைத்தியர் சொல்லாமல் இதை வாங்கத் தேவையில்லை.

குமிழிப் போத்தல் என்பது ஒட்சிசன் மெஷினில் மாட்டுவது. அதில் தண்ணீர் கொதிப்பதுபோலத் தெரிவதால் ஈரம் போதும் என்று நினைத்துவிடுகிறோம். அது குளிர்ந்த நீர், கொடுக்கும் ஈரம் குறைவு. கழுத்தால் மூச்சு விடுபவருக்கு அது மட்டும் போதாது.

மின்சாரத்தையும் யோசியுங்கள். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். எந்த மெஷின் வாங்கினாலும், மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கு விடை வீட்டில் இருக்க வேண்டும். சக்ஷனுக்கு பற்றரியில் அல்லது காலால் இயங்கும் ஒன்று, ஈரத்துக்குச் செயற்கை மூக்கு அல்லது கழுத்துத் துணி.

எந்தத் தண்ணீர்?

மெஷினுக்குள் ஊற்றும் தண்ணீர் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பெற்றோல் ஷெட்டிலும் வாகன உதிரிப்பாகக் கடையிலும் போத்தலில் விற்கும் தண்ணீர் வாகன பற்றரிக்கானது. "டிஸ்டில்ட் வோட்டர்" என்று எழுதியிருந்தாலும் அது மூச்சுக்குரியதல்ல. பாமசியில் கேட்டு வாங்குங்கள். நெபுலைசர் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு தடவையும் கழுவி, கொதித்தாறிய நீரில் அலசி, சுத்தமான துணியில் கவிழ்த்து முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த கிண்ணத்தில் கிருமி வளரும்.

வீட்டுக்குள் செய்யக்கூடாதவை

சளி கட்டினால் ஆவி பிடிப்பது எங்கள் வீடுகளில் பழக்கம். கழுத்தில் துளை உள்ளவருக்கு அது ஆபத்து. சூட்டைத் தணிக்க மூக்கு இல்லாததால் ஆவி மூச்சுக்குழாயைச் சுட்டுவிடும். தைலம், எண்ணெய், வசெலின் எதுவும் துளைக்குப் பக்கத்தில் பூசக்கூடாது.

வெள்ளிக்கிழமை இரவென்று வியாழன் மஃரிபுக்குப் பிறகு உம்மா வீடெல்லாம் சாம்பிராணி காட்டுவார். இப்போது அதை நிறுத்திவிட்டார். நுளம்புச் சுருளுக்குப் பதிலாக நுளம்பு வலை. ஃபேன் காற்று நேரே கழுத்தில் படாமல் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

வுழுவும் நோன்பும்

வாப்பாவுக்கு இருந்த பெரிய கவலை இதுதான். குரல் வராததால் கொப்பியில்தான் எழுதிக் கேட்பார். வீட்டுக்கு வந்த முதல் நாள் எழுதியது, "நான் எப்படி வுழு எடுப்பது?" என்பது.

கழுத்துத் துணியோ செயற்கை மூக்கோ தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. தண்ணீர் துளைக்குள் போனால் நேரே நுரையீரலுக்குப் போகும். ஆகவே வாப்பா குழாயடியில் குனிந்து முகம் கழுவுவதில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியின் கீழ் சுருட்டிய துவாய் வைத்து, கிண்ணத்திலிருந்து கையளவு நீரால் மெதுவாக முகத்தைக் கழுவுகிறார். ஊர் மௌலவி நேரில் வந்து பார்த்து, அவரது நிலைக்கேற்ப விளக்கம் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் அப்படியே ஒருவரை அழைத்துக் காட்டிக் கேளுங்கள்.

நோன்பைப் பற்றியும் ஒரு விடயம். வெளியிலிருந்து எவ்வளவு ஈரம் கொடுத்தாலும், உடலில் நீர் குறைந்தால் சளி தடிக்கும். றமழான் வருமுன் வைத்தியரிடமும் ஆலிமிடமும் சேர்த்தே பேசிவிடுங்கள். நோன்பு பிடித்த நிலையில் மூச்சடைத்த பிறகு கேட்கும் கேள்வியாக அது இருக்கக் கூடாது.

ஈரம் போதவில்லை என்பதற்கான அறிகுறிகள்

சளி தடித்து மஞ்சளாகவோ கட்டியாகவோ வருதல், இரத்தம் கலந்து வருதல், இருமல் வறண்டு போதல், உட்குழாயைக் கழற்றும்போது உள்ளே பொருக்குப் படிந்திருத்தல், சக்ஷன் குழாய் இலகுவாகப் போகாமை, மூச்சில் விசில் சத்தம். முதல் அறிகுறியிலேயே கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

மூச்சு முட்டினால் செய்ய வேண்டியதை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். எங்கள் சுவரில் இருப்பது இதுதான்: குழாய்க்கு மேலிருக்கும் துணி, செயற்கை மூக்கு, வால்வு அனைத்தையும் எடு. உட்குழாயைக் கழற்று. சக்ஷன் செய். சரிவராவிட்டால் ஒருவர் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்கு அழைக்க, மற்றவர் வைத்தியசாலையில் பழக்கிய முறையைத் தொடர வேண்டும். அந்தச் சேவை இலவசமானது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், சிறிய தம்பி உட்பட, உட்குழாயைக் கழற்றிப் பழகியிருக்கிறார்கள்.

பள்ளிவாசல்களிடம் ஒரு வேண்டுகோள்

எமது ஊர்களில் பல பள்ளிவாசல்களும் நலன்புரி அமைப்புகளும் சக்கர நாற்காலி, வைத்தியசாலைக் கட்டில், ஒட்சிசன் மெஷின் ஆகியவற்றை இரவலாகக் கொடுக்கின்றன. பெரிய நன்மை. கழுத்துக் குழாயோடு வருபவர்களுக்காகவும் சிலவற்றைச் சேர்த்து வைக்கலாம். சக்ஷன் மெஷினும் நெபுலைசர் கொம்பிரசரும் சுத்தம் செய்து ஒருவருக்குப் பின் ஒருவர் பாவிக்கக்கூடியவை. ஆனால் மாஸ்க், மருந்துக் கிண்ணம், இணைப்புக் குழாய், சக்ஷன் குழாய், செயற்கை மூக்கு ஆகியவை ஒருவருக்கு மட்டுமே உரியவை. மெஷினைக் கொடுக்கும்போது இவற்றைப் புதிதாக வாங்கிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உதவுபவர்களும் ஒரு பெட்டி அனுப்புமுன், குழாயின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பணம் வீணாகாது.

ஏழை வீடொன்றுக்கு மாதம் 30 செயற்கை மூக்கு பெரிய செலவு. ஒரு மாதம் வாங்கி மறு மாதம் விட்டுவிடுவதைவிட, பகலில் கழுத்துத் துணியும், வைத்தியர் சொன்ன அளவு சேலைனும், வெளியே போகும்போது மட்டும் செயற்கை மூக்கும் என்று தாங்கக்கூடிய ஒரு முறையை வைத்தியரோடு பேசி வகுத்துக்கொள்வது நல்லது. ஈரம் ஒவ்வொரு நாளும் கிடைக்க வேண்டும். விலை கூடிய மெஷின் சில நாட்கள் ஓடி நின்றுவிடுவதால் பயனில்லை.

நீல வெளிச்ச மெஷின் இப்போதும் எங்கள் அலமாரிக்கு மேல் இருக்கிறது. போன வாரம் ஒருவர் அதை இரவல் கேட்டு வந்தார்; அவருடைய மாமாவுக்குக் கழுத்தில் குழாய் வைத்து நான்கு நாட்கள். நான் மெஷினைக் கொடுக்கவில்லை. உம்மா தைத்து வைத்த துணிகளில் ஆறை எடுத்துக் கொடுத்துவிட்டு, குழாயின் படத்தோடு கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். வாப்பா அவரை நிறுத்தி, கொப்பியில் ஒரு வரி எழுதிக் காட்டினார்: "உள்குழாயைக் கழட்ட வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள்."